கொசுறுத் தட்டு

துணியின் கடைசி முழமும் மரச்சட்டத்தின் மேல் ஏறி இறங்கிவிட்டது. அவள் விரல்கள் ஓரிடத்திலும் நிற்கவில்லை. இடது மணிக்கட்டில் வளையல் போலச் சுற்றியிருந்த சிவப்பு நூல் காலையில் சுற்றியபடியே இருந்தது. துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திரும்ப இழுத்துப் போட்டு, இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். கருநீல உடல், இரு பக்கமும் செங்கல் நிறக் கரை. எங்கும் இழை தளரவில்லை, இறுகவில்லை. ஒரு கண்ணிகூடக் கரையை விட்டு எட்டிப் பார்க்கவில்லை. துணி என்றால் இதுதான் துணி. அவளோ அதைச் சுருட்டாமல் தலைப்புக்கே திரும்பப் போனாள்.

“அப்பாடா! உங்க அண்ணனுக்கு ஒருவழியா புத்தி வந்துடுச்சு போல” என்றார் கண்ணாடிக்காரர். கிடங்கின் மேலாளர் அவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு அதையே மேசை மேசையாகத் தேடுகிறவர் என்பதால் அந்தப் பெயர். துணியின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து, “ஏம்மா, ஒரு முடிச்சுகூடக் காணோமே? உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?” என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “இன்னொரு தடவை பார்க்கணும். நாளைக்குச் சொல்றேன்” என்றாள். அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அந்த ஊர் நெசவாளிகள் அவளுக்கு வைத்த பெயர் முடிச்சுக்காரி. பாசத்தில் வைத்த பெயர் அல்ல. தறிகள் கிடங்குக்குச் சொந்தம். நெசவாளிகள் அவரவர் வீட்டில் வைத்து நெய்து துணியைக் கொண்டுவந்து தருவார்கள். ஒவ்வொரு துணியும் அவள் சட்டத்தின் மேல் ஓடியாக வேண்டும். பிழை தட்டுப்படும் இடத்துக்கு நேராகக் கரையில் ஒரு சிவப்பு நூலைக் கோத்து முடிச்சுப் போட்டு, நுனியை ஒரு விரலளவு தொங்க விட்டு வெட்டுவாள். முடிச்சு அதிகமானால் துணி இரண்டாந்தரம். எத்தனை பேர் கெஞ்சியிருக்கிறார்கள், எத்தனை பேர் முறைத்திருக்கிறார்கள்! அவள் அசைந்ததில்லை. கூட வேலை பார்க்கும் ஊசி அக்கா, அறுந்த இழைகளை ஊசியால் சேர்த்துக் கொடுப்பவள், “உனக்கு நெஞ்சுல இருக்கறதும் நூல்கண்டுதானாடி?” என்று கேட்பாள்.

ஆனால் அவளுக்கு வெறும் பிழை மட்டுமா தெரியும்! யார் கை என்று தெரியும். பல்வலியோடு நெய்தவனின் துணி மெத்து மெத்தென்று இருக்கும். வீட்டில் சண்டை போட்டுவிட்டுத் தறியில் உட்கார்ந்தவளின் துணி பலகை மாதிரி விறைத்து நிற்கும். அதை உதறினால் சண்டையே கேட்கும் என்று ஊசி அக்கா சொல்லுவாள். துணியின் தலைப்பில் ஒவ்வொரு நெசவாளியும் தன் குறியை வெள்ளை நூலில் நெய்திருப்பார்கள். குறியைப் பார்க்காமலே அவளால் பெயர் சொல்ல முடியும். குறி ஒருவருடையது, நெய்த கை வேறு என்று தெரிந்தால் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொன்னால் துணி திரும்பிப் போகும், தறி கிடங்குக்கு வந்துவிடும். அதுதான் அங்கே வழக்கம்.

இந்தத் துணியின் தலைப்பில் இருந்தது ஏணிக் குறி. அது அண்ணனுடையது. அதற்கு முன்னால் அப்பாவுடையது.

அண்ணனின் கையை அவள் எந்தத் தூக்கத்திலும் சொல்லிவிடுவாள். ஊடை நூலைச் சுமந்து நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடியதும் பலகையால் இரண்டு தட்டுத் தட்டி இழையை நெருக்குவது எல்லோரும் செய்வது. அண்ணன் மட்டும் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை மூன்றாவதாகச் சின்னதாய் ஒன்று தட்டுவான். பையனாக இருந்தபோதே அப்படித்தான். “கடைக்காரன் கொசுறு போடற மாதிரி அது என்னடா ஒரு தட்டு?” என்று அப்பா கேட்க, “கேக்காமலே போட்டாத்தானேப்பா கொசுறு!” என்றான். அப்பா சிரித்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அதற்குக் கொசுறுத் தட்டு என்றே பெயர். அந்த இடத்தில் இழை ஒரு மயிரளவு கூடுதலாக நெருங்கியிருக்கும். கண்ணுக்குப் படாது, பிழையும் ஆகாது. அவள் விரலுக்குத் தெரியும். அண்ணனோடு பேச்சு நின்ற பிறகும், அவன் துணி வரும்போதெல்லாம் அவள் முதலில் தேடுவது அதைத்தான். பேசாவிட்டால் என்ன, இருக்கிறான் என்று மனசு சமாதானமாகும்.

இந்தத் துணியில் அது இல்லை. தலைப்பிலிருந்து கடைசி வரைக்கும் தேடியாயிற்று. இல்லவே இல்லை.

பேச்சு நின்றதும் முடிச்சால்தான். போன மழைக்காலத்தில் அண்ணனின் துணியில் முதன்முறையாகப் பிழை வந்தது. வலது கரை சில இடங்களில் உள்ளே சுருங்கியிருந்தது. சில இடங்களில் ஊடை நூல் கண்ணி கண்ணியாக வெளியே தொங்கியது. அவளுக்கு வருத்தம்தான். ஆனாலும் கை தானாகச் சிவப்பு நூலைப் பிரித்தது. அண்ணன் வந்து துணியைப் பார்த்தான். கிடங்கில் அத்தனை பேரும் இருந்தார்கள். துணியின் ஓரத்தையே வெகுநேரம் வெறித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று, “கூடப் பொறந்தவளாடி நீ?” என்று கத்தினான். அவளுக்கும் சுருக்கென்று ஏறிவிட்டது. “பிழை இருந்தா முடிச்சு. அண்ணன் துணிக்குன்னு வேற நூலா வச்சிருக்கேன்?” என்றாள். அவன் துணியை அங்கேயே போட்டுவிட்டுப் போனான். அப்புறம் அண்ணிதான் துணி கொண்டுவருவாள். வைத்துவிட்டு, முகம் கொடுக்காமல் போய்விடுவாள். ஒவ்வொரு துணியிலும் வலது கரை முன்னைவிட மோசமாக வந்தது. வீம்புக்குச் செய்கிறான் என்று நினைத்தாள். நீ வீம்பு பிடித்தால் எனக்கும் வீம்பு தெரியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டாள்.

இப்போது அந்தப் பழுதில்லாத துணியின் முன்னால் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. பிழை எப்போதும் வலது கரையில். சுருங்கியும் தளர்ந்தும், வலது கரையில் மட்டும். அப்பாவின் கடைசித் துணிகளை அவள் சின்னப் பெண்ணாக மடித்து வைத்திருக்கிறாள். அவற்றின் வலது ஓரம் எலி கடித்ததுபோல நெளிந்து கிடக்கும். அப்புறம் அப்பாவின் கையில் டம்ளர் நிற்காமல் போனது. அப்புறம் சட்டைப் பொத்தான். அப்புறம் கரண்டி. அம்மா ஊட்டிவிட்டபோது அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். கடவுளே, இத்தனை மாதமாக இதையா நான் முடிச்சுப் போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்! அவள் தன் வலது கையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். பிறகு அது யாருடைய கையோ என்பதுபோல முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மதியத்துக்கு மேல் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். தெருமுனையிலேயே தறிச் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு, ஓட்டம். இரண்டு தட்டு, ஓட்டம். நல்ல கை. அவசரமில்லாத, சீரான கை. நின்று கேட்டாள், ஒருவேளை மூன்றாவது வருமோ என்று. வரவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. தறியில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில், தரையில், சுவரில் சாய்ந்தபடி அண்ணன். இடது கையால் ராட்டையைச் சுற்றி ஊடை நூலைத் தார்க்குச்சியில் ஏற்றிக்கொண்டிருந்தான். வலது கை தொடைக்கு அடியில் இருந்தது. இளைத்துப் போயிருந்தான். அவளைப் பார்த்ததும் ராட்டை நின்றது.

“வா” என்றாள் அண்ணி. எழுந்திருக்கவில்லை. “இப்பத்தான் வழி ஞாபகம் வந்துச்சா?”

அண்ணன் முகத்தை உயர்த்தாமலே, “என்ன, முடிச்சு போட வந்தியா?” என்றான்.

“முடிச்சு போட ஒரு இடம் இல்லண்ணா. அதான் வந்தேன்.”

அண்ணன் ராட்டையைத் தள்ளி வைத்தான். பிறகு தொடைக்கு அடியிலிருந்து வலது கையை மெல்ல வெளியே எடுத்து முழங்காலில் வைத்தான். அது தன் பாட்டுக்கு நடுங்கியது. விரல்கள் ஏதோ நூலை உருட்டுவதுபோல ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன. அப்பாவின் கை. நகங்கூட அப்பாவின் நகம். அவள் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். உள்ளேயும் அது அடங்கவில்லை.

“ஏண்ணா சொல்லல?”

“சொன்னது நீதானேடி” என்றான் அண்ணன். “தறியில உக்காந்திருக்கும்போது எனக்கு ஒண்ணும் தெரியல. அன்னைக்குக் கிடங்குல வந்து பார்த்தா, நீ போட்ட முடிச்செல்லாம் ஒரே பக்கமா வரிசையா தொங்குது. பார்த்ததும் அப்பா துணிதான் ஞாபகம் வந்துச்சு. உன்னைக் கத்தினேனே, அது உன்னை இல்ல. பயந்துட்டேன். பயந்தவன் யாரையாவது கத்தத்தானே வேணும்? நீ பக்கத்துல இருந்தே.”

அவள் அழுதாள். மறைக்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்ன வயசில் அழுததுபோலவே அழுதாள். அண்ணி தறியிலிருந்து இறங்கி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் தண்ணீர் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்துவிட்டு, “என்ன செய்யப் போறே?” என்று கேட்டாள். கேட்க வேண்டியதுதான். தறி போனால் அந்த வீட்டில் அப்புறம் என்ன இருக்கிறது? அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் என்றும் பார்க்காமல் முடிச்சுப் போட்டவள், அதே அண்ணனுக்காகப் பொய் சொல்வதா? அவள் பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. கண்ணாடிக்காரருக்கு அவளுடையதைப் போன்ற விரலும் கிடையாது, கண்ணும் அரைக் கண். அப்படியே ஓடும், ஏணிக் குறியும் இருக்கும், அண்ணனின் பேரும் இருக்கும்.

“நான் ஒண்ணு கேக்கட்டுமா?” என்றாள் அண்ணி. கேட்கும்போது கையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அண்ணி அவளிடம் இப்படித் தயங்கிப் பேசியதில்லை. “துணி... நல்லா இருந்துச்சா?”

“ஒரு முடிச்சுகூட இல்ல அண்ணி. இந்த வருஷம் நான் பார்த்ததிலேயே அதுதான் நல்ல துணி.”

அண்ணியின் முகம் பூத்தது. ஐயோ, அப்படிப் பூத்தது! இருபத்தைந்து வருஷம் அந்தத் தறியின் காலடியில் நூல் சுற்றிக் கொடுத்தவள், யாரும் கேட்காததால் யாரிடமும் சொல்லாமல் கண்ணாலேயே கற்றுக்கொண்டவள், முதல் தடவையாக ஒருத்தர் வாயால் கேட்கிறாள். மறு நிமிஷமே புருஷன் பக்கத்தில் இருப்பது நினைவுக்கு வந்து, திருடிவிட்டவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அண்ணன் பார்த்துவிட்டான். இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நடுங்கும் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டான்.

“சொல்லிடு” என்றான் கடைசியில். “நான் நெய்யலைன்னு சொல்லிடு. நெய்தது இவதான்னு சொல்லு. என் பேரை வச்சுக்கிட்டு இவ கையை நான் எத்தனை நாளைக்கு ஒளிச்சு வைக்கறது?”

“தறியைக் கேட்டா?” என்றாள் அண்ணி.

“கேட்டா கேக்கட்டும். இவ நல்ல துணின்னு சொல்றா இல்ல? இவ சொன்னா அப்பீல் ஏது!”

மூன்று பேருமே சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய நேரமா அது! அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அண்ணன் சுவரைப் பிடித்து எழுந்துகொண்டான். “நகரு” என்றான் அண்ணியிடம், அவள் தறியில் உட்காராமல் தரையில் நின்றிருந்தும். தறியில் ஏறி உட்கார்ந்தான். அண்ணி தடுக்க வாயெடுத்தாள். முடிச்சுக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மிதியில் கால் பதிந்தது. கால்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. வலது கையில் நாடாவை எடுத்தான். அது கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. தள்ளினான். பாதி ஓடி, பாவு நூல்களுக்கு நடுவில் நின்றது. அண்ணி குனிந்து எடுத்து அவன் கையில் வைத்தாள். திரும்பத் தள்ளினான். போய்ச் சேர்ந்தது. இரண்டு தட்டு. திரும்பி வந்தது. இரண்டு தட்டு. வலது கரையில் நூல் கண்ணியாகத் தொங்கியதை அவள் நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள். ஒரு முறை நாடா தெறித்துக் கீழே விழுந்து அறை மூலைக்கு உருண்டது. அண்ணி எடுத்துவந்தாள். அவன் நெற்றியில் வேர்வை வழிந்தது. ஒரு கையகலம் நெய்திருப்பான். இரண்டு தட்டு, அதன் பின்னால், மூச்சு வாங்கியதுபோல, சின்னதாக இன்னும் ஒன்று.

அவன் பலகையை விட்டான். வாசலைப் பார்த்தபடியே, “குட்டி” என்றான். அப்படி அவளைக் கூப்பிட்டு எத்தனையோ காலமாயிற்று. “இது உன் சட்டத்துக்கு வரும். இந்த இடத்துல முடிச்சு போடு. பாவம் பார்த்து விட்டுடாதே. மத்ததெல்லாம் இவ கை, நேரா இருக்கும். முடிச்சு இருந்தாத்தான் இந்த இடம் என்னுதுன்னு தெரியும்.”

மறுநாள் அவள் கண்ணாடிக்காரரிடம் போய், குறி அண்ணனுடையது, கை அண்ணியுடையது என்று சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். அவர் சிரிப்பதை விட்டுவிட்டார். துணியை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணாடியை இறக்குவதும் ஏற்றுவதுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். “கை மாறினா தறி திரும்பி வரணும். அதானேம்மா வழக்கம்?” என்றார். “ஆமா” என்றாள் அவள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் அவர் பயந்து மறுத்திருப்பார். “இந்த மாதிரி நெய்யற கையை வெளியே விட்டா என்னைத்தான் மக்குன்னு சொல்லுவாங்க” என்று முணுமுணுத்தார். “தறி அங்கேயே இருக்கட்டும். அந்த அம்மா பேருக்கு மாத்திக்கலாம். ஆனா ஏணிக் குறி இனிமே வேண்டாம். இப்ப தறியில ஏறியிருக்கற துணியோட முடிச்சுக்கச் சொல்லு.” அவள் தலையாட்டினாள். நல்ல சேதிதான். அதை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தபோது கால் ஏனோ கனத்தது.

அந்தத் துணி அண்ணியின் தோளில் வந்து இறங்கியது. தலைப்பில் ஏணிக் குறி, வெள்ளையாக, கடைசி முறையாக. அண்ணி இந்தத் தடவை வைத்துவிட்டுப் போகவில்லை. ஒரு ஓரமாக நின்றாள். அண்ணன் காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு, நானும் வருகிறேன் என்று கிளம்பினானாம். வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டானாம். முடிச்சுக்காரி துணியைச் சட்டத்தில் ஏற்றிக் கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணியின் கை, முழம் முழமாக, பதறாமல் ஓடியது. அவள் விரல்கள் அதற்குப் பழகத் தொடங்கியிருந்தன. பிறகு அந்த இடம் வந்தது. முதலில் வலது கரை சுருங்கியது. அப்புறம் ஒரு கண்ணி. இன்னொரு கண்ணி. அப்புறம், மயிரளவு நெருங்கிய ஒரு வரி. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

மணிக்கட்டிலிருந்து சிவப்பு நூலைப் பிரித்தாள். முதல் முடிச்சு விழவில்லை, நூல் நழுவியது. இரண்டாவதும் நழுவியது. கண்ணில் நீர் முட்டியதாலா, வேறு காரணமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கையைப் பார்த்துக்கொள்ளவும் இல்லை. மூன்றாவது விழுந்தது. பல்லால் கடித்து இறுக்கினாள்.

ஊசி அக்கா எட்டிப் பார்த்தாள். “அட, நாலு கண்ணிதானே? கொடு, நான் இழுத்து விட்டுடறேன். இருந்த இடமே தெரியாது.”

“வேண்டாம்க்கா.”

“பிழையோடவாடி போகணும்?”

“முடிச்சோட போகட்டும்.”

ஊசி அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள், பின்னால் நின்ற அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், ஊசியைச் சட்டைக் கையில் குத்திக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள். முடிச்சுக்காரி துணியைச் சுருட்டினாள். அண்ணி வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து அதை மற்றத் துணிகளோடு அலமாரியில் அடுக்கினார்கள். அவள் கத்தரியை எடுத்தாள். பிறகு அப்படியே மேசையில் வைத்துவிட்டாள். வரிசையாக அடுக்கிய சுருள்களில், ஒரு கருநீலச் சுருளின் வலது பக்கத்திலிருந்து மட்டும் சிவப்பு நூலின் நுனி வெட்டப்படாமல், நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.